தாழியில் ஒன்றுமில்லை

ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுக்கோட்டை மியூசியத்துக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். சமூக அறிவியல் டீச்சர் போகாமல் வேறு யார் போவது? பழைய காசுகள், செப்புச் சிலைகள், கண்ணாடிக் கண் பதித்த விலங்குகள் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று தொண்டை வறளப் பேசுவேன். தாழிகள் இருக்கும் மூலைக்கு வந்தால் மட்டும், "சீக்கிரம் வாங்க, லேட்டாகுது" என்று விரட்டுவேன். பிள்ளைகள் விட்டால்தானே. அங்கே ஒரு தாழிக்குக் கீழே அவர்கள் டீச்சரின் பெயர் இருக்கிறது. ஐந்து வருடமாக அந்த அட்டையில் இருந்தது இதுதான்: முதுமக்கள் தாழி, ஆலங்குடி வட்டம், அன்பளிப்பு என்று போட்டு என் பெயர். கடைசி வரியில், 'தாழியின் உள்ளே எதுவும் காணப்படவில்லை.'

அந்தக் கடைசி வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான்.

ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக்கொல்லையாகக் கிடந்த இடத்தில் நாங்கள் வீடு கட்டினோம். கணவர் அப்போது குவைத்தில் இருந்தார், இப்போதும் அங்கேதான். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வேலையை நானே நின்று பார்த்தேன். பில்லருக்குக் குழி தோண்டிய மூன்றாம் நாள், சித்தாளாக வந்த அக்கா ஒருத்தியின் மண்வெட்டி பலகைக்கல் ஒன்றில் இடித்தது. இப்போது எழுதும்போது அக்கா என்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனால் அன்றைக்கெல்லாம் "இங்கிட்டு வா, அங்கிட்டுப் போ" என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை வாங்க போங்க என்பாள், நான் அவளை வா போ என்பேன், அது எங்கள் இருவருக்குமே வித்தியாசமாகப் பட்டதில்லை.

கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு வாய் தெரிந்தது. சிவப்பு வாய், இரண்டு விரல் தடிமன். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைக்கும் தாழியைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. கொத்தனாரையும் மற்ற ஆட்களையும் அடுத்த குழிக்கு அனுப்பிவிட்டு, அக்காவும் நானுமாகச் சுற்றிலும் மண்ணைப் பறித்தோம். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தாள். இடுப்பளவு உயரத் தாழி, ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கை விட்டு மண்ணை அள்ளினாள். கறுப்பும் சிவப்புமாக இரண்டு கிண்ணங்கள் வந்தன. அதற்கடுத்த பிடியில் எலும்பு வந்தது. அப்புறம் பற்களோடு ஒரு தாடைத் துண்டு.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பல்லு கொஞ்சங்கூடத் தேயல டீச்சர். வயசுப்புள்ள போல" என்றாள்.

நான் கணவருக்கு போன் போட்டேன். தாழி என்றதும் சிரித்தார். எலும்பு என்றதும் சிரிப்பு நின்றுபோனது. மனையில் எலும்பு கிடந்தால் அந்த வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அஸ்திவாரம் தோண்டும்போது ஆட்டெலும்பு வந்தால்கூடப் பொறுக்கி எறிந்துவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். இதுவோ மனுச எலும்பு. வெளியில் தெரிந்தால் சொந்தக்காரர்கள் பால்காய்ப்புக்கு வந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள், நாளைக்கு மகளுக்கு வரன் கேட்டு வருகிறவனும் வாசலோடு திரும்பிவிடுவான் என்றார். தொல்லியல் ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் இடம் முழுக்கத் தோண்டிப் போடுவார்கள், வேலை நின்றுவிடும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னார், நான் கேட்டேன் என்று பழியை அவர் தலையில் போட்டுவிடலாம். உண்மை அதுவல்ல. அவர் போனை வைப்பதற்கு முன்பே நான் முடிவு பண்ணிவிட்டேன். எனக்கு வீடும் வேண்டியிருந்தது, தாழியால் வரும் பேரும் வேண்டியிருந்தது. எலும்பு மட்டும்தான் வேண்டாம்.

தாழியைச் சாய்த்து உள்ளேயிருந்த மண்ணையும் எலும்பையும் சிமெண்டுச் சாக்கில் கொட்டச் சொன்னேன். அக்காவிடம், "கண்மாயில கொண்டுபோய்க் கொட்டிட்டு வா. யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றேன். அவள் சாக்கைத் தலையில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்துக்குப் பாத்திரம் கொடுக்கும்போது அழுக்கோடு கொடுப்போமா? தாழியையும் கிண்ணங்களையும் போர் தண்ணீரில் சபீனா போட்டுத் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினேன். காயவைத்து, தாழியின் கழுத்தில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்தேன். சீர்வரிசைப் பானை கெட்டது போங்கள். வைக்கோல் பரப்பி, பழைய சேலை சுற்றி, டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

மியூசியத்துக் காப்பாட்சியர் நல்ல மனுசர். தாழியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். பொதுவாகத் தங்கம் இருக்கும் என்று உடைத்துப் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் சொல்வார்கள், நீங்கள் டீச்சர் என்பதால் இந்த அளவுக்குப் பத்திரமாக வந்திருக்கிறது என்றார். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பஞ்சால் துடைத்தார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு குறைந்தது. கழுவினீங்களா என்று கேட்டார். லேசாக என்றேன். பிறகு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உள்ள எலும்பு ஏதும் இருந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"இல்லங்க சார். வெறும் மண்ணுதான்."

நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் என் போட்டோ வந்தது. பள்ளி அசெம்பிளியில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை ரசித்தேன், பொய் சொல்வானேன்.

வீடு முடிந்தது. பால்காய்ப்புக்கு அக்காவும் வந்திருந்தாள். டம்ளரில் கொடுத்த பாலை எடுத்துக்கொண்டு வேலி மூலைக்குப் போய், அங்கே வைத்திருந்த தென்னங்கன்றின் அடியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். பாலைப் போய் மண்ணில் ஊற்றுகிறாளே, கிறுக்கியா என்று நினைத்தேன். பொங்கலுக்கு வரும்போதும் அந்த மூலையில் ஒரு கை பொங்கலை வைத்துவிட்டுப் போவாள். காக்காய்க்கு வைக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவளுடைய பேத்தி எங்கள் பள்ளியில் படித்தாள், அதனால் அவ்வப்போது பார்த்துக்கொள்வோம். எலும்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் காப்பாட்சியர் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு உற்சாகம். மாவட்டத்துத் தாழிகளைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாராம், அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். "உங்க தாழிதாங்க டீச்சர் அதுல முக்கியம்" என்றார். உடையாமல், பலகைக்கல் மூடியபடியே, ஆனால் உள்ளே எலும்பு இல்லாமல் கிடைத்தது அது ஒன்றுதானாம். வெளியூரில் செத்துப்போய் உடம்பு கிடைக்காதவர்களுக்காக வெறும் தாழி புதைக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டாராம். நன்றியுரையில் முதல் பெயர் என்னுடையதாம்.

அட்டையில் கிடந்தவரை அது என் பொய். புத்தகத்தில் ஏறிவிட்டால் அவருடைய பொய்யாகிவிடும். இந்த மண்ணில் இல்லாத ஒரு வழக்கத்தை நான் உண்டாக்கிவிட்டேன். நாளைக்கு அதுவே பாடப்புத்தகத்தில் வந்து, நானே சாக்பீஸைப் பிடித்து நடத்தினாலும் நடத்துவேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

சொல்வதற்கு முன்னால் எலும்பை எந்த இடத்தில் கொட்டினாள் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்மாயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கம்மாயில கொட்டல டீச்சர். மீன் புடிக்கிறவுக காலுல மிதிபடும்ல. ஒங்க மனையிலதான், வேலி மூலையில ஒரு துணியில கட்டிப் பொதச்சேன். அடையாளத்துக்கு நீங்க வச்ச தென்னங்கன்னு இருக்கு. அந்தப் புள்ள அங்கனயே கெடந்த புள்ள. நாம வந்து வெரட்டுனா எங்கிட்டுப் போகும்?"

அத்தனை வருடமும் அந்த எலும்பு என் வீட்டு எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், பேரன் பிறந்துவிட்டான், மூலையில் தென்னை பாளை விட்டிருக்கிறது. எதற்காகப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அந்தப் பயத்துக்கே அர்த்தமில்லாமல் போனது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே காப்பாட்சியருக்கு போன் போட்டேன். முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று வாசகத்தைக்கூட மனதுக்குள் ஒப்பித்து வைத்திருந்தேன். "சார், அந்தத் தாழியில எலும்பு இருந்திருக்கு" என்று ஆரம்பித்தேன். இருந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்திருக்கு என்று வாயில் வந்தது. அவரே, "வேலைக்கு வந்தவுக பயந்துபோய் எடுத்துப் போட்டிருப்பாங்க. உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அவர் புத்தகத்தை நிறுத்திவைத்துவிட்டு மறுநாளே ஜீப்பில் வந்தார். புதைத்தது அக்கா என்று நான் சொல்லியிருந்ததால் அவளையும் வரச் சொல்லியிருந்தார், இடத்தைக் காட்ட வேண்டுமே. தென்னைக்கு இரண்டடி தள்ளி அவள் காட்டிய இடத்தில், பிரஷ்ஷும் சின்னக் கரண்டியுமாக அவரே உட்கார்ந்து தோண்டினார். மக்கிப்போன துணி நூல்நூலாக வந்தது. அக்காவின் பழைய சேலைத் துணி. எலும்பு பெரும்பாலும் பொடிந்திருந்தது. தாடையும் பற்களும் அப்படியே இருந்தன. அவர் அதைப் பஞ்சில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபப்படுகிற ஆள் இல்லை, ஆனால் அன்றைக்கு அவருக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்மா, தாழியிலயே இருந்திருந்தா எவ்வளவோ தெரிஞ்சிருக்கும். வேற மண்ணுல கலந்து எல்லாம் போச்சு. டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து நான்தான் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியாமப் பண்ணிப்புட்டேங்க சார்" என்றாள் அவள்.

ஜீப் போன பிறகு அவர் தோண்டிய குழியை அவள் காலால் மூடிக்கொண்டிருந்தாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவளை நான் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க நாளைக்கும் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லணும்ல டீச்சர். எம் பேத்தியும் ஒங்ககிட்டதான படிக்குது. ஒங்களப் பத்தி ஒரு பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்?"

நான் அழுதேன். அழுது என்ன பண்ண? காப்பாட்சியருக்கு மறுபடி போன் போட நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது இதை எழுதுகிறேனே, இதில்கூட அவள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அவள் பெயரைப் போட்டால் என் பெயர் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். யோக்கியதை அவ்வளவுதான்.

இந்த வருடமும் எட்டாம் வகுப்பை அழைத்துக்கொண்டு போனேன். தாழியின் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாடை இருக்கிறது. அட்டையை மாற்றிவிட்டார்கள். வழக்கம்போல் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். வாய்விட்டு வாசித்தது அக்காவின் பேத்தி. இந்த வருடம் அவள் எட்டாம் வகுப்பு. உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், நான் சொல்லிக் கொடுத்தது.

"தாழியிலிருந்த எலும்புகள் கட்டுமானத் தொழிலாளர்களின் அறியாமையால் அகற்றப்பட்டு, பின்னர் ஆசிரியையின் முயற்சியால் மீட்கப்பட்டன."

வாசித்துவிட்டு என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்படிப் பண்ணுனது யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் வாங்க, லேட்டாகுது" என்றேன்.