பஸ்கா மேசைக்குத் தகுதியான ஆண்கள்

இந்த முறை பஸ்காவுக்கு முன் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. விருத்தசேதனம் செய்யாத எந்த ஆணும் இனிப் பஸ்கா உணவில் கைவைக்கக் கூடாது என்று எங்கள் சபையை நடத்துபவர் அறிவித்தார்.

2. சபையிலிருந்த ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் அப்பா மட்டும் தலையாட்டினார்.

3. அடுத்த நாள் அப்பா பஸ்ஸேறிக் கிண்ணியாவுக்குப் போனார். துறைமுகத்தில் தன்னோடு கப்பல் கயிறு கட்டிய பழைய முஸ்லிம் கூட்டாளியிடம், இந்த வயதில் இதை எங்கே செய்விக்கலாம் என்று விசாரித்தார்.

4. கூட்டாளி அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மகள், உங்கட அப்பாவுக்கு என்ன நடந்தது? எங்கட ஆக்கள் சின்னப் புள்ளையில செய்யிற சுன்னத்தை இவர் பென்ஷன் எடுத்த பிறகு கேட்டு வாறார்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள், மாமா?”

“விசர்க்கதை கதையாத எண்டன். நான் கூட்டிக்கொண்டு போனா, மதம் மாத்திப்போட்டன் எண்டு நாளைக்கு உங்கட பக்கம் போஸ்டர் ஒட்டுவாங்க. அதோட அவருக்குச் சீனி வருத்தம் வேற. நீங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யிற புள்ள, நீங்க சொல்லுங்க அவருக்கு.”

சபையின் புதிய விதிப்படி பார்த்தால், எங்கள் பஸ்கா மேசையில் இருக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் இந்தக் கிண்ணியாக்காரர்தான். அவருக்கு அந்த ஆசை இல்லை.

நாங்கள் சில குடும்பங்கள். இயேசுவை யெஷுவா என்று அழைக்கிறோம். ஈஸ்டருக்குப் பதிலாகப் பஸ்கா வைக்கிறோம். மேசியா திரும்பி வருவார் என்று காத்திருக்கிறோம். எங்கள் தெருவிலுள்ள சைவக்காரர் எங்களை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்கிறார்கள். வேதக்காரர் எங்களை என்னவென்று சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறேன். நான் பரிகசிப்பது இதையல்ல.

சபையை நடத்துபவர் துறைமுக வீதியில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர். திருத்த வந்த தொலைபேசிகளிலேயே காணொளி பார்த்து யூத வழக்கங்களைப் படித்தார். யூதக் குருவைப் போலத் தன்னை ரபி என்று அழைக்கச் சொன்னார். நான் அண்ணன் என்றே அழைத்தேன். செபச் சால்வை தருவித்தார். அதன் விலைச்சீட்டு முதல் இரண்டு வாரமும் தோளில் தொங்கியது. கொம்பு ஒன்றும் வாங்கினார். அவர் அதை ஊதும்போது தெருநாய்கள் கொடுக்கும் பதில், ஊதலைவிடச் சுருதியாக இருக்கும். போன வருடம் பஸ்காவில் தின்னும் கசப்பான கீரைக்கென்று கொழும்பிலிருந்து ஏதோ ஒரு போத்தல் வந்தது. பாகற்காய் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கசப்பை இறக்குமதி செய்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. அப்பாவின் விடயம் அப்படியல்ல. நான் ஆஸ்பத்திரியின் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். அப்பாவின் சீனி அளவு என் கையால்தான் போகிறது. போன முறை கடற்கரையில் சிப்பி வெட்டிய புண், கால் விரல் ஒன்றை எடுத்த பிறகே ஆறியது.

அதை அவருக்கு நினைவூட்டினேன். “இந்தப் புண்ணும் மாறாட்டி, அடுத்ததா எதை எடுப்பாங்கள் எண்டு யோசிச்சுப் பாத்தீங்களா, அப்பா?”

அப்பா சாரத்தைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “மேசியா வரேக்க நான் மேசைக்கு வெளியில நிக்க ஏலாது, பிள்ளை. கொம்மா உள்ளுக்க இருப்பா.”

அம்மா இறந்து அது இரண்டாவது பஸ்கா. அதற்கு மேல் நான் அவரோடு வாதிடவில்லை. வாதிட வேண்டியவரைத் தேடிக் கடைக்குப் போனேன். அவர் ஒரு தொலைபேசியின் கண்ணாடியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, இது என்ர சட்டமில்லை. மோசேயின்ர சட்டம்,” என்றார்.

“அந்தச் சட்டத்தில ஆட்டை நாலு நாள் வீட்டில கட்டி வைக்கச் சொல்லியும் இருக்கு, அண்ணன். நீங்கள் போன வருசம் கடையில கறித்துண்டு வாங்கினனீங்கள்.”

“அது வேற.”

“கதவு நிலையில இரத்தம் பூசச் சொல்லியிருக்கு.”

“நிலைக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சனான்.”

“அப்ப அது அடையாளம் மட்டும்தானா?”

“ஓம். ஆவிக்குரிய அர்த்தத்தில எடுக்க வேணும்.”

“அப்ப மற்றதையும் அப்பிடி எடுக்கலாமே. யூதரில்லாத ஆக்களுக்கு இது தேவையில்லை எண்டு அப்போஸ்தலர் காலத்திலேயே தீர்ந்த கதை இது.”

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். “பொம்பிளைப் பிள்ளையள் கதைக்கிற விசயமில்லை இது.”

நான் ஒவ்வொரு காலையும் ஊரிலுள்ள ஆண்களின் சிறுநீர்ப் போத்தல்களைப் பெயர் பார்த்து அடுக்குபவள். கடைப் படி இறங்கினேன். அவர் சுட்டுக்கொண்டிருந்த தொலைபேசியின் உரிமையாளருக்காகத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

பஸ்கா நாள் வந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே மண்டப வாசலில் அவர் சால்வையோடு நின்று, வந்த ஆண்கள் ஒவ்வொருவரையும் செய்தாயிற்றா என்று கேட்டார். இரும்புக்கடைக்காரர், கொழும்பில் செய்ததாகச் சொன்னார். அடுத்தவர் கந்தளாயில் என்றார். இன்னொருவர் மனைவியைப் பின்னால் ஏற்றி மோட்டார் சைக்கிளில் வந்தார். குழி விழுந்த வீதியில் வந்து, காலைத் தூக்கி வீசி இறங்கி, “போன கிழமைதான், ஐயா” என்றார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சில நாட்களுக்குள் எங்கள் சபையின் ஆண்கள் அனைவரும் அறுவைச் சிகிச்சை பெற்றிருந்தார்கள். ஒருவருடைய நடையிலும் சிறு கோணல்கூட இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் சத்திர சிகிச்சை நிபுணர் கேட்டிருந்தால் பதவி விலகியிருப்பார்.

அப்பாவின் முறை வந்தது.

“இல்லை, தம்பி. தேடித் திரிஞ்சனான். ஒருத்தரும் செய்துதரேல்லை,” என்றார்.

சபையை நடத்துபவர் அப்பாவின் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“ஓம் எண்டு சொல்லுங்கோவன், ஐயா. ஆர் பாக்கப் போறது?”

அப்பா நிமிர்ந்தார். “பாக்கிறவர் வாறார் எண்டுதானே தம்பி இவ்வளவும் செய்யிறம்,” என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவருடைய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வீட்டில் கோதுமை மாவை உப்பும் தண்ணீரும் மட்டும் விட்டுக் குழைத்துப் புளிப்பில்லாத ரொட்டி சுட்டேன். பாகற்காயைப் பச்சையாக வெட்டினேன். கறி இருக்கவில்லை. வரப்போகிறவருக்காக முன்கதவைத் திறந்து வைத்தோம். நுளம்பு நிறைய வந்து கடித்தது. எகிப்திலிருந்து புறப்பட்ட கதையை அப்பா தன் பாட்டில் சொன்னார். கடல் பிளந்த இடத்தில், கப்பலைக் கரைக்கு இழுப்பவர் போல இரண்டு கைகளையும் இழுத்துக் காட்டினார். வெட்டுவது பற்றி அன்று அவர் பேசவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், “அந்த மண்டபத்து மேசையில கொம்மா இருந்திருக்க மாட்டா” என்றார்.

இப்போதைய நிலைமை இதுதான். அப்பாவின் உடம்பில் கத்தி படவில்லை. இனித் தேடிப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் இருவரும் அந்தச் சபைக்குப் போவதில்லை. சபை அதே மண்டபத்தில் நடக்கிறது, அங்கே ஆண்கள் எல்லோரும் தகுதி பெற்றவர்கள். மேசியா இன்னும் வரவில்லை. அடுத்த பஸ்காவும் வீட்டில்தான்.