குளியலறைக் கயிறு

பட்டுக் கண்காட்சிக்காக ஆரணியிலிருந்து மிலான் போனபோது, மலிவான ஒரு விடுதியில் தங்கினேன். குளியலறையில் ஒரு கயிறு தொங்கியது. தறியில் கயிறு இழுத்தே பழகிய கை சும்மா இருக்குமா? இழுத்துவிட்டேன். அது ஆபத்து மணியாம். விடுதிக்கார அம்மா மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க ஓடி வந்தார். கதவைத் திறந்து கூனிக்குறுகி நின்றேன். அவரோ நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். மறுநாளும் கை பழக்கத்தில் போய்விட்டது. இம்முறை காபியோடு நிதானமாக வந்தார்.

போனில் கேட்ட மனைவி கடிந்துகொண்டாள்.

"ஏங்க, அந்தம்மாவ எதுக்குப் பேஜார் பண்ணிகினு இருக்கீங்க?"

"பழக்கதோஷம்டி" என்றேன்.

மூன்றாம் நாள் தெரிந்தேதான் இழுத்தேன். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பேச ஆளில்லாத ஊரில், இழுத்தால் ஒருவர் வந்து நிற்பார் என்பது அத்தனை தெம்பாக இருந்தது.

அந்த அம்மாவுக்கும் புரிந்திருக்கும்போல. அன்று தட்டில் இரண்டு கோப்பைகள் இருந்தன.