வில்லுக்கு வைத்த எண்ணெய்

சித்தப்பாவின் செல்லோ முதன்முதலாக எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்தபோது, மெட்ராஸ் பஸ் கண்டக்டர் அதற்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்துவிட்டார். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு வாத்தியம். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, வில்லால் இழுப்பார். மெட்ராஸில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். தாயில்லாப் பிள்ளையான அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி வளர்த்தது என் அம்மாதான். அண்ணி என்றால் அவருக்கு உயிர்.

நான் நாலாவது படித்த வருஷம் ஆயுத பூஜைக்கு வந்தார். மறுநாள் சாயங்காலம் மெட்ராஸில், வெளிநாட்டுச் சங்கீதக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்திருந்த வெள்ளைக்காரர் முன்னால் அவர் வாசிக்க வேண்டும். தேறினால் சீமையில் படிப்பு, பெரிய மேடை. விட்டால் இன்னொரு தடவை கிடைக்காது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஏர், மண்வெட்டி, சைக்கிள் எல்லாம் கழுவி, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். செல்லோவைப் பெட்டியோடு சாமி முன்னால் வைக்கலாம், தண்ணீர் படவே கூடாது என்று சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவும் தலையாட்டினாள். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தாள். தண்ணீர் படவில்லை, வாஸ்தவம்தான். வில்லில் கட்டியிருந்த குதிரைமயிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"எண்ணெயே காணாத தலையாட்டம் இருக்குது பாரு. பட்டணத்துல இதெல்லாம் யாரு பாத்துச் செய்வாங்க?"

நல்லெண்ணெய் தொட்டு, அடியிலிருந்து நுனி வரை பொறுமையாக நீவிவிட்டாள். அந்த முகத்தில்தான் எவ்வளவு சந்தோஷம்!

பூஜையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக் கூடாது. விடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவே பெட்டியை எடுத்துக் கொடுத்து, விபூதி பூசி அனுப்பினாள்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த சித்தப்பா கையில் பெட்டி இல்லை. போன காரியம் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள்.

"எனக்குத்தான் கை ஓடலைங்க அண்ணி. பயந்துட்டேன்."

அம்மா அழுதாள். அவர்தான் தேற்றினார்.

அதற்குப் பிறகு, எத்தனை கெஞ்சியும் அவர் செல்லோவை ஊருக்குக் கொண்டுவரவே இல்லை. அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. "பெரிய மனுஷன் ஆயிட்டான். நம்ம வூட்டுக்கு எடுத்தாந்தா கௌரவம் கம்மியாயிடும்னு நெனைக்கிறான்," என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். சித்தப்பா காதில் விழும்படியும் சொல்லுவாள். அவர் சிரித்துக்கொண்டு தட்டில் சோறு பிசைவார். இவ்வளவு அழுத்தமான மனுஷனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லூரி விடுதியில் ஒருத்தி வயலின் வாசிப்பாள். ஆசையாக அவள் வில்லின் மயிரைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். விரல் பிசுக்குப் பட்டாலே கம்பியில் வழுக்கும், எண்ணெய் பட்டால் சத்தமே வராது என்றாள். அம்மா போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு மெட்ராஸில் பெட்டியைத் திறந்ததுமே நல்லெண்ணெய் வாசனை அடித்திருக்கும். யார் கை என்று அவருக்குத் தெரியாதா? மறுபடி கொண்டுவந்தால் அம்மா மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொழுந்தன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்ற குறையோடுதான் அம்மா போனாள். கடைசி நாளில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, அப்போதும் வாயைத் திறக்கவில்லை.