இரண்டாவது காதுகுத்து

எனக்கு இரண்டாம் முறை காது குத்தியபோது நான் மேடையில் இல்லை. முதல் முறை குத்தியது ஒரு வயதில், குலதெய்வக் கோயிலில். அது நினைவில் இல்லை. ஆக, என் காதுக்காகச் சொந்தக்காரர்கள் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டிலும் எனக்குப் பெரிய பங்கில்லை.

காதில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு மூச்சில் இருந்தது. சிதம்பரத்தில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கும்பலாக நிற்பதைப் பார்த்தாலே மூச்சு அடைக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைத்துப்போகும். இதோ செத்துப்போகிறேன் என்று சந்தேகமில்லாமல் தெரியும். பிரேயர் மைதானம், கல்யாண வீடு, நெரிசலான பஸ், எல்லாம் ஒன்றுதான்.

வீட்டில் முதலில் என்னை நெஞ்சுக்குக் காட்டினார்கள், பிறகு வயிற்றுக்கு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒன்றுமில்லாத வியாதிக்கு அப்பாவின் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு மறுபேச்சில்லாமல் பணம் கட்டியது. சொந்தக்காரர்கள் ஆப்பிளும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கடைசியில் கடலூரில் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவர்தான் சரியாகச் சொன்னார். இது பயம், குணமாகக்கூடியது, ஆனால் சில மாதங்களாவது வாரா வாரம் அழைத்து வந்து பேச விட வேண்டும் என்றார்.

அப்பா கார்டை நீட்டினார். கவுன்டரில் இருந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"பாப்பாவ அட்மிட் பண்ணப் போறீங்களா சார்?"

"இல்லீங்க, வாராவாரம் பேசணும்னு சொன்னாங்க."

"பேசறதுக்கெல்லாம் கார்டு எடுக்காது சார்."

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடாகிறது. ஊசி குத்தினால் அது வைத்தியம், உட்காரவைத்துக் கேட்டால் அது வெறும் பேச்சு. இல்லாத வயிற்றுவலிக்குப் பணம் உண்டு, இருக்கிற பயத்துக்குக் கிடையாது. இப்போது இன்சூரன்ஸில் மனசையும் உடம்பையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதாம். வரட்டும். போன மாதம் தோழியின் தம்பிக்காக ஒரு கவுன்டரில் போய் நின்றேன். "அட்மிஷனா மேடம்?" என்றுதான் கேட்டார்கள்.

இலவசமாகப் பார்க்கும் இடமும் இருந்தது. அங்கே குழந்தைகளுக்கான மருத்துவர் என்றைக்கு வருவார் என்பது நிச்சயமில்லை, வந்துவிட்டால் வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலில் நிற்கும். அதில்கூட நிற்கலாம் என்றார் அப்பா. தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா அழுதாள். "பொட்டப்புள்ளைங்க. மெண்டல் டாக்டர்கிட்ட போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு யாருங்க வந்து கேப்பாங்க?" ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மூச்சு நிற்கிறது, கவலை மாப்பிள்ளையைப் பற்றி. அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிக் கவலைப்படச் சொல்லிக்கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

கடலூர் மருத்துவரிடமே காட்டலாமென்று கடன் கேட்டாலும் எதற்கு என்பார்கள். இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் அண்ணன். புவனகிரியில் டிராக்டர் சாமான் கடை வைத்திருந்தார், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

"நோவுன்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பான் மச்சான். காதுகுத்துன்னு பத்திரிகை வையுங்க. துன்னுட்டு மொய் எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

"அதான் எப்பவோ குத்தியாச்சே," என்றார் அப்பா.

"ஓட்டை தூந்து போச்சுன்னு சொல்லுங்க. எவன் ஈர்க்குச்சி வுட்டுப் பாக்கப் போறான்?"

மறுநாளே அம்மா என் கம்மலைக் கழற்றிவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். கூட்டத்தைக் கண்டால் மூச்சு நிற்கிற பிள்ளை. அதன் வைத்தியச் செலவுக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டி, அதன் நடுவில் அந்தப் பிள்ளையையே உட்காரவைப்பது. கெட்டிக்கார மாமா, படித்த அப்பா, என்மேல் உயிரையே வைத்திருந்த அம்மா, மூன்று பேரில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் வேறு வழி தெரியவில்லை. அம்மா மட்டும் ஒரு யோசனை சொன்னாள். "கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ள பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு. நீ முடிக்கறதுக்குள்ள அவுங்க குத்தி முடிச்சிருவாங்க."

மண்டபத்து வாசலில் என் படம் போட்டு ஆளுயர பேனர். மேடையில் மாமா மடியில் உட்கார்ந்தேன். கீழே எங்கு பார்த்தாலும் தலை. பத்தர் தங்கக் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு அறுபத்து நாலு வரை வந்தேன். ஸ்பீக்கர் அலறியது, அதற்குமேல் வாய்ப்பாடும் இல்லை மூச்சும் இல்லை. மாமாவின் கையை உதறிவிட்டு ஓடி, சமையல் சாமான் அடுக்கியிருந்த பின்னறையில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டேன்.

மேடையில் பிள்ளை இல்லை. பந்தியோ தயார். மாமா என்ன செய்தார் தெரியுமா? அத்தையின் இடுப்பிலிருந்த தன் இரண்டு வயது மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "குத்துங்க பத்தரே" என்றார். அது வீறிட்டது. மேளம் கொட்டியது. காது குத்தினால் ஒரு பிள்ளை அழ வேண்டும், ஒரு பிள்ளை அழுதது, வந்தவர்கள் திருப்தியாக எழுந்து பந்திக்குப் போனார்கள். குமராட்சியிலிருந்து வந்த ஒரு பெரியப்பா மட்டும் மாமாவை நிறுத்திக் கேட்டாராம்.

"ஏம்பா, பேனர்ல புள்ள வளந்துல்ல இருக்கு?"

"காச்சல்ல எளச்சுப் போச்சுண்ணே. நீங்க எலையில போய் உக்காருங்க, பாயசம் ஆறுது."

தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையைத் தகப்பனே வைத்துக் குத்திவிட்டான் என்று அத்தையின் தம்பிகள் சாப்பிடாமல் எழுந்து போனது தனிக் கதை.

என்னைக் கண்டுபிடித்தது அப்பா. புது வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை என் வாய்க்கு நேராக நீட்டினார். "அப்பா கையில ஊது பாப்பா. மெதுவா." ஊதினேன். வெளியே மைக்கில் மொய் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பெயர், ஊர், தொகை என்று. ஒவ்வொரு பெயருக்கும் அப்பா லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்.

மூச்சு வந்ததும், "எனக்குக் குத்தியாச்சாப்பா?" என்று கேட்டேன்.

"ஆச்சு," என்றார்.

மண்டபத்துக்கும் சமையலுக்கும் மைக் செட்டுக்கும் பேனருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் என் வைத்தியம். சனிக்கிழமைதோறும் அம்மா, அப்பா, நான், கடலூர் பஸ். மருத்துவர் என்னைப் படம் வரையச் சொன்னார், பயம் முதலில் உடம்பில் எங்கே வருகிறது என்று அதில் காட்டச் சொன்னார். முதலில் காலி பஸ், பிறகு பாதி நிறைந்த பஸ் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டேன். பிரேயர் மைதானம் இன்னும் பாக்கி இருந்தது.

ஒரு சனிக்கிழமை உள்ளே போனதும், அம்மா உட்காராமலே பேசினாள்.

"புள்ள நல்லாயிடுச்சு டாக்டர்."

மருத்துவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. "நல்லா வந்துட்டிருக்காம்மா. இப்ப நிறுத்துனா திரும்பிடும். பணத்துக்காகன்னா சொல்லுங்க, ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாவே ஆயிடுச்சு."

மருத்துவர் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எனக்கே தெரியாமல் நான் குணமாகியிருக்கிறேன், பெரியவர்கள் கவனித்துச் சொல்கிறார்கள். மருத்துவருக்குக் கை கொடுத்துத் தேங்க்ஸ் சொன்னேன். அவர் என் கையைச் சீக்கிரம் விடவில்லை. குணமானவள் எப்படி இறங்குவாள் என்று காட்டுவதற்காக மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் சாயங்காலக் கூட்டம் அலைமோதியது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. நல்லாகிவிட்ட பிள்ளைக்கு அப்படி அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் அதை யாரிடமும் சொல்லாமல், அம்மாவின் கையையும் பிடிக்காமல், அந்தக் கூட்டத்துக்குள் முதல் ஆளாக நடந்தேன்.