பொன்னுரங்கத்துக்கு இரண்டு ஆதிமூலம்

பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்ற ஆதிமூலம் செத்துப்போன சேதி அவருக்கே தெரியவந்தது மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி ஜெயசுதாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பட்டாளத்து மருத்துவ அட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

“கார்டு பிளாக் ஆயிருக்கு சார். கார்டுக்காரர் எறந்துட்டாருன்னு வருது.”

“நான்தாம்மா அந்தக் கார்டுக்காரன்.”

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்? அன்றைக்கு ஜெயசுதாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. டயாலிசிஸ் நடந்தது. வாரம் இரண்டு தடவை செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி மூச்சு வாங்கும். அடகு வைக்க அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் ஆதிமூலமே இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சின்னதுரை. ஆதிமூலம் என்பது அவருடைய அண்ணன்.

எண்பத்தொன்றில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது சின்னதுரைக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை, எட்டாவதிலும் ஃபெயில். அண்ணன் எட்டு பாஸ், வயதும் சரி. ஆனால் ஏர் ஓட்ட ஆள் வேண்டும் என்று அப்பா பொன்னுரங்கம் பெரியவனை நிறுத்திக்கொண்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பெரியவனின் பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டை எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்தார்.

“இத்த எடுத்துக்கினு போ. ரெண்டு பேரும் என் புள்ளைங்கதானே, எந்தப் பேரா இருந்தா இன்னா?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனுஷர்! அண்ணன் தம்பிக்குள் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வதுபோலப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று அந்த வீட்டில் எல்லாருமே நம்பினார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டேதான் திருக்கோவிலூரில் பஸ் ஏற்றிவிட்டார்.

பட்டாளத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது முதல் ஆறு மாதம் சின்னதுரை திரும்பி அண்ணனைத் தேடினார். அப்புறம் பழகிப்போயிற்று. ராஜஸ்தான் மணலிலும் அஸ்ஸாம் மழையிலும் பதினெட்டு வருஷம் ஆதிமூலமாகவே ஓடியது. அண்ணன் வெள்ளிமலைக்கு மரவள்ளி பிடுங்கும் கூலி வேலைக்குப் போனவர், அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டார். அவரும் ஆதிமூலம்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் எதற்கு விட வேண்டும்? ஆதார் எடுத்தபோது தன் பிறந்த தேதியைச் சொன்னார். சர்ட்டிபிகேட்டில் இருந்த அதே தேதியைத் தம்பியும் கொடுத்திருந்தார். யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

போன கார்த்திகையில் அண்ணன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். சாவைப் பதிய அவர் மனைவி ஆண்டாள் போனாள். புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் அவள். செத்த பிறகும் அவளுக்கு நா எழவில்லை. மடியிலிருந்த காகிதக் கட்டை நீட்டினாள். மேலாக இருந்தது கொழுந்தனின் ஆதார் ஜெராக்ஸ். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஜாமீனுக்கு என்று சின்னதுரை கொடுத்தது. முகம் கறுப்பாக விழுந்திருந்தது, அண்ணன் தம்பி ஜாடையும் ஒன்றுதான்.

“ஆதிமூலம், அப்பா பேரு பொன்னுரங்கம். சரியாம்மா?” என்று கேட்டார்கள். ஆண்டாள் தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை சரிதானே!

அங்கே ஏறிய ஆதார் நம்பர் பட்டாளத்து ரெக்கார்டு வரை போய் உயிரோடு இருந்தவரைச் சாகடித்துவிட்டது.

கள்ளக்குறிச்சியில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் கவியரசன், அவரும் பழைய ஹவில்தார். “இதுல இன்னா இருக்குது? செத்தவரோட சொந்த ஆதாரக் குடுங்க, நம்பர மாத்திடலாம்” என்றார் தைரியமாக. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து தன்னிடமே தங்கிவிட்ட அண்ணனின் ஆதாரைச் சின்னதுரை தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கவியரசன் முதலில் சிரித்தார். அப்புறம் அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னாங்க இது? ஒரே அப்பா, ஒரே தேதி, ஒரே பேரு. பொன்னுரங்கத்துக்கு ரெண்டு ஆதிமூலமா?”

நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சின்னதுரை ஒரு வெளியாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கவியரசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உள்ளதச் சொன்னா ஆள்மாறாட்டம். பென்ஷன், கார்டு எல்லாம் போயிடும், கேஸும் வரும். இல்லன்னா உங்க அண்ணி வந்து, எம் புருஷன் பேரு சின்னதுரை, அவரு ஆதார்ல தப்பா ஏறிடிச்சின்னு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணணும். வேற வழி எனக்குத் தெரியலிங்க.”

மறுநாள் சின்னதுரை வெள்ளிமலை பஸ் ஏறினார். ஆண்டாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வா சின்னதொரை. ஜெயசுதா எப்பிடி இருக்குது?”

சொன்னார். கேட்க வேண்டியதையும் கேட்டுவிட்டார். ஆண்டாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப அவரே இல்ல, சொல்லிடறேன். கல்யாணம் ஆன மூணாம் வருஷம் அவருக்கு பாரஸ்ட்ல வாச்சர் வேலை வந்திச்சி. எட்டாவது சர்ட்டிபிகேட் கேட்டாங்க. தொலஞ்சி போச்சின்னு சொல்லிட்டு வந்துட்டாரு. பள்ளிக்கூடத்துல இன்னொண்ணு கேட்டு வாங்குங்கன்னு நான் எத்தினி சண்ட போட்டேன் தெரியுமா? ‘தம்பி மாட்டிக்குவான்’னு ஒரே வார்த்த. அப்புறம் சாவுற வரைக்கும் கூலிதான்.”

அண்ணன் மண் வெட்டியதெல்லாம் தலையெழுத்து என்றே சின்னதுரை நினைத்திருந்தார். லீவில் வரும்போதெல்லாம் ஒரு கம்பளியும் ரம் பாட்டிலும் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குச் செய்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டவர் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

“அழுவாத. நான் வரேன்” என்றாள் ஆண்டாள். “உனக்கோசரம் இல்ல. அந்தப் பொண்ணு மொகத்துக்கோசரம்.”

வியாழக்கிழமை நோட்டரி வக்கீல் ராதிகாவின் ஆபீஸுக்குப் போனார்கள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதால் ஜெயசுதா வாசலில் ஆட்டோவிலேயே சாய்ந்திருந்தாள். தம்பிக்காக அண்ணன் வாச்சர் வேலையை விட்ட கதை அவளுக்கு இன்னும் தெரியாது. ராதிகா காகிதத்தை நிதானமாகப் படித்துக் காட்டினார். ஆண்டாள் கட்டை விரலை நீட்டினாள்.

“ரேகை அப்புறம் வைக்கலாம்மா. மொதல்ல உங்க வாயால சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?”

ஆண்டாள் தலைகுனிந்தாள்.

“அவங்க பேரு சொல்ற வழக்கம் இல்லிங்க மேடம்” என்று கவியரசன் குறுக்கே வந்தார்.

“சத்தியம் பண்றது அவங்க. அவங்கதான் சொல்லணும்.”

ஆண்டாள் நிமிர்ந்து சின்னதுரையைப் பார்த்தாள். ‘வேண்டாம் அண்ணி, எழுந்து வாங்க.’ இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஜன்னல் வழியே ஆட்டோ தெரிந்தது. செருப்புக்குள் அடங்காமல் வீங்கிக் கிடந்த ஜெயசுதாவின் பாதங்கள் தெரிந்தன. அவர் வாயைத் திறக்கவில்லை.

“சின்னதொரை” என்றாள் ஆண்டாள்.

“கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா.”

“சின்னதொரை. எம் புருஷன் பேரு சின்னதொரை.”

கூட வாழ்ந்த நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத புருஷன் பெயரை அவள் சொல்லிவிட்டாள். அது கொழுந்தன் பெயர். இதற்கு மேல் ஒரு பெண்ணை என்ன கேட்டுவிட முடியும்? ராதிகா மை டப்பாவைத் தள்ளிவைத்தார். ஆண்டாள் ரேகை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அந்தக் காகிதத்தின் நகலைக் காட்டியதும் கார்டு சரியாகும் வரை கடனில் டயாலிசிஸ் செய்ய ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டது. மூன்றாவது வாரம் கார்டு வேலை செய்யத் தொடங்கியது, ‘இறந்தவர்’ என்ற வார்த்தையும் ரெக்கார்டிலிருந்து போயிற்று. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நடந்ததுதான் சின்னதுரையைத் தூங்கவிடவில்லை. வெளியே வந்த ஆண்டாள் நேராகக் குழாயடிக்குப் போய், மூன்று தடவை வாய் கொப்புளித்துத் துப்பினாள்.

“அண்ணி, பஸ் ஏத்தி வுட்டுட்டு வரேன்” என்று பின்னாலேயே போனார் அவர்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், நீ வா போ என்றுதான் பேசுவாள். இப்போது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

“வாணாங்க. நேரமாச்சி, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க” என்றாள்.