ஓட்டை போட்ட தகரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கறிவேப்பிலையையும் சேர்த்தால் ஆறு. நேற்றுப் பேத்தி கிளிநொச்சிக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வாங்கி வந்தாள். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அளவாக நாலு ஓட்டை. சிரிப்பு வந்துவிட்டது. இப்போது ஓட்டை போட்டே விற்கிறார்கள்! ஒரே ஒரு ஓட்டைக்காக அழுதவள் நான்.

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சி வீட்டை விட்டு ஓடியபோது, கிணற்றடிக் கறிவேப்பிலையின் பக்கக்கன்றை மண்ணோடு கிண்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்துச் சைக்கிளில் கட்டினேன். வீட்டிலிருந்து வந்த உயிருள்ள சாமான் அது ஒன்றுதான். மாங்குளத்துக்குக் கிட்ட, பிறத்தியார் காணியில் கொட்டில் போட்டோம். அங்கே ஒருவரும் நிலத்தில் எதையும் ஊன்றுவதில்லை. எப்போது எழும்ப வேண்டி வருமோ, யார் கண்டது? மிளகாய் உரப்பையில், கத்தரி உடைந்த பானையில். வாசலைப் பார்த்தால் செடிகளும் பயணத்துக்கு நிற்பதுபோல இருக்கும்.

என் கன்று மட்டும் மஞ்சளித்துக்கொண்டே போனது. நானும் விடாமல் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்துக் கொட்டில் செலீனா, முள்ளிவாய்க்கால் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். மீன் கழுவிய தண்ணீரைத் தன் மிளகாய்க்கு ஊற்ற வந்தவள், என் தகரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“அக்கா, இது தாகத்தில சாகேல்லை. தண்ணிக்குள்ள தாண்டு சாகுது. அடியில ஓட்டை எங்க?”

“ஓட்டை போட்டா, பிறகு ஓடுற இடத்தில தண்ணி எதில அள்ளுறது? கன்றை எடுத்திட்டு இதிலதான் அள்ளவேணும், என்னட்ட வேற தகரமில்லை.”

“அப்ப கன்று வேண்டாமோ?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழுது இன்னும் தண்ணி ஊத்தாதேங்கோ. ஓடுற நாளில என்ர வாளியைத் தாறன். ஆணியை அடியுங்கோ!”

அவள் தகரத்தைப் பிடிக்க நான் அடித்தேன். கறுத்த, நாறல் தண்ணீர் ஒழுகியது. மாரி தொடங்குமுன் துளிர் வந்தது.

மறுபடி எழும்ப வேண்டி வந்த அன்று, சொன்னபடியே வாளியை என் சைக்கிளில் கொழுவினாள்.

“அப்ப உனக்கு?”

“நாங்கள் கடற்கரைக்குப் போறம் அக்கா. அங்க தண்ணிக்கென்ன பஞ்சம்?”

கடல் தண்ணீரைக் குடித்தே இருந்துவிடுவாள் போலச் சிரித்தாள். மீன்குழம்புக்குப் போடச் சொல்லி ஒரு பிடி இலை ஒடித்துக் கொடுத்தேன். ஒரு வாளிக்கு ஒரு பிடி இலை!

ஊருக்குத் திரும்பியதும் கன்றை அதே கிணற்றடியில் நட்டேன். இன்று கூரைக்கு மேலே நிற்கிறது. தகரம் கறள் பிடித்துப் போனது. வாளியும் இல்லை. மாங்குளத்துக் காணியில் எங்கள் கொட்டில்கள் நின்ற அடையாளமும் இல்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் செலீனாவைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

பூச்சாடி வாங்கி வந்த பிள்ளை, நான் எழுத்துக்கூட்டி எழுதியதை ஒருக்கா வாசி. அவள் சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று வாசி.