மஞ்சள் தொட்டியில் அரிசி கொட்டிய தெரு

போன செவ்வாய்க்கிழமை காலை கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்து, "தம்பி, மாமா நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். நான் அப்போது வாசலில் பால் கவரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்துக் கொடியில் மாட்டிவிட்டுத்தான் அழுதேன். சிதம்பரத்தில் எங்கள் நகரைச் சேர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியாது. அவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஆரோக்கியசாமி மாமா எனக்கு உறவில்லை. எதிர்வீடு. அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாமா என்பேன். தினமும் பஸ் பிடித்துக் கடலூர் போய் ஒரு பழைய பேப்பர் மண்டியில் வேலை பார்த்தார். அங்கே கப்பலில் வந்த வெளிநாட்டுப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக இறங்கும். கட்டைப் பிரித்தால் ஜெர்மனிக்காரன் வீட்டு நோட்டீஸ், பெல்ஜியத்துக்காரன் வீட்டு நோட்டீஸ். எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று படம் போட்டிருக்கும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடுவார். "அவுங்க பிரிச்சுப் போட்டதாலதான் மச்சான் அது நம்மகிட்ட சரக்கா வருது. நாம ஒண்ணாப் போட்டு நாறடிக்கிறோம்" என்பார்.

அவருக்கு இது பொழுதுபோக்கு அல்ல. எங்கள் தெருக்கோடியில் குப்பையைக் குவித்து நாங்களே கொளுத்துவோம். அந்தப் புகையில் மாமாவின் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு இழுப்பு வந்துவிடும். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசுவார். வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வீட்ட மாத்தறதவிட தெருவ மாத்தறது ஈசி மச்சான்" என்று 2006இல் எங்கள் நகர்ச் சங்கத்துக்கு வந்து நின்றார். நான் செயலாளர். சங்கத்தின் காலி மனையைக் கேட்டார். குப்பையைப் பிரித்து, மக்குவதை உரமாக்கிக் காட்டுகிறேன் என்றார். எனக்கோ அந்த இடத்தில் ஷட்டில் கோர்ட் போட ஆசை. மூன்று மாதம் தருகிறோம், சரிவரவில்லையென்றால் பேச்சே எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். அவ்வளவு கறார் வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மாமா கைக்காசில் வீட்டுக்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினார். ஜெர்மனியில் போலவே பேக்கிங் குப்பைக்கு மஞ்சள், மக்கும் குப்பைக்குப் பழுப்பு. பளபளவென்று மூடியோடு இருந்தன. நல்ல நாளாகப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தார். அங்கேதான் கோட்டை விட்டார். வெள்ளிக்கிழமை புதுப் பாத்திரம் வாசல் தாண்டி வந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். முதலில் அரிசி போட்டார்கள். பழுப்புத் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். பத்து நாள் கழித்து நானும் மாமாவும், குப்பை எடுக்கக் குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் வரும் அஞ்சலையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் பொன்னி அரிசி. என் வீட்டில் கருவடாம்.

"பொட்டு வச்ச தொட்டியில யாருங்க குப்ப போடுவாங்க? நானே போடமாட்டேன்" என்றாள் அஞ்சலை.

மாமா நடுத்தெருவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுவாரமே பெண்ணாடம் பக்கமிருந்து பழைய சர்க்கரைச் சாக்குகளை வாங்கி வந்தார். மக்கும் குப்பைக்கு அவரவர் வீட்டு விரிசல் வாளியே போதும் என்றார். "புதுசு குடுத்தா கும்புடறாங்க, பழசு குடுத்தா குப்ப போடறாங்க. இது எந்த நோட்டீஸ்லயும் இல்ல மச்சான்." ஒரே வாரத்தில் சாக்குகள் நிரம்பின. மூன்றாவது மாதம் முடியும்போது கொளுத்துவதற்குத் தெருக்கோடியில் எதுவுமே இல்லை. நான் ஷட்டில் மட்டையை மகனிடம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் ஒரு வெறி. காலி மனைச் சுவரில் கரும்பலகை மாட்டி, கிரிக்கெட் பாயிண்ட்ஸ் டேபிள் மாதிரி நாடுகளின் பெயரை எழுதினார். ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம் எப்போதும் மேலே. வெறும் குழியில் கொட்டுவதை விடாத நாடுகள் அடியில். "இங்கிலாந்து கடைசி பெஞ்சுல கெடந்தான், எப்டி ஏறி வர்றான் பாரு" என்று பால் வாங்க வந்தவரையெல்லாம் நிறுத்திச் சொல்வார். ஜெர்மனியில் காலி பாட்டிலைப் போட்டால் காசு திருப்பித் தரும் மிஷின் இருக்கிறதென்று படித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. 2020க்குள் வீட்டுக் குப்பையில் பாதியை மறுசுழற்சி செய்ய ஐரோப்பிய யூனியன் இலக்கு வைத்தபோது, எங்கள் தெருவையும் பலகையில் ஏற்றினார். ஆஸ்திரியாவுக்குக் கீழே, நெதர்லாந்துக்கு மேலே. கொஞ்சம் ஜாஸ்திதான். யாரும் அழிக்கவில்லை.

வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் சரி என்பவரும் அல்ல. ஒருநாள் பேப்பர் கட்டுக்குள் குழந்தைகளின் அழுக்கு டயப்பர் வந்ததும் கொதித்துப்போனார். அன்று சாயங்காலம், அந்தக் கட்டை அனுப்பிய நாட்டைப் பலகையில் அடி வரிசைக்கு இறக்கிவிட்டார். எந்த நாடென்று சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார்.

ஸ்டெல்லா அக்கா இழுப்பு மருந்தைத் தொட்டு மூன்று வருடமாகிறது. கல்லறைத் தோட்டத்தில் அக்கா ஒரு பாட்டு முழுவதையும் நிற்காமல் பாடினார். இதை விடப் பெரிய அறிக்கை எந்த நாடும் வெளியிட்டதில்லை என்பேன்.

மூன்றாம் நாள் வாடிய மாலைகளை எடுக்கப் போனோம். யாரும் சொல்லவில்லை, பூ ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம் என்று தெருவே உட்கார்ந்து பிரித்தது. ஒரு மலர் வளையத்தின் அடியில் தெர்மாகோல் வளையம், அதன்மேல் ஜிகினாத் தாள் அழுத்தி ஒட்டியிருந்தது. எதில் சேர்ப்பது? அஞ்சலை பிளாஸ்டிக் என்றாள், நான் இல்லை என்றேன். குரல்கள் ஏறின. "இருங்க, மாமாவயே கேட்டுருவோம்" என்று அஞ்சலை சட்டென்று திரும்பினாள். நானும் திரும்பினேன். எதிரில் புது மண்தான் இருந்தது. நான் வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்த வளையம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். நான்கு நாளாக பிரவுசிங் சென்டரில் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கேயாவது ஒரு நாட்டில் ஒருவன் இதற்கு வழி கண்டுபிடித்திருப்பான். கிடைத்ததும் அந்த நாட்டைப் பலகையில் மேலே ஏற்றுவேன்.